ஆஸ்திரேலிய இசை விழாக்களின் வீழ்ச்சி

ஆஸ்திரேலிய இசை விழாக்களின் வீழ்ச்சி என்பது, ஆஸ்திரேலியாவில் திறந்தவெளிகளில் நடைபெற்று வந்த பெரிய நேரடி இசை விழாக்கள் 2010களின் நடுப்பகுதியில் இருந்தும், குறிப்பாகக் கோவிட்-19 பெருந்தொற்றுக்குப் பின்னரும், ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோனதைக் குறிக்கும். இதனால் அந்நாட்டின் இசைத் தொழிலிலும் இளைஞர் பண்பாட்டிலும் ஏற்பட்ட மாற்றங்களும் இத்தலைப்பில் அடங்கும். பிக் டே அவுட், சவுண்ட்வேவ், ஃபியூச்சர் மியூசிக் ஃபெஸ்டிவல், ஸ்டீரியோசோனிக் ஆகிய விழாக்கள் 2014, 2015 ஆம் ஆண்டுகளோடு முடிவுற்றன. 2024 ஆம் ஆண்டில் ஸ்பிளெண்டர் இன் த கிராஸ், குரூவின் த மூ ஆகிய இரு முதன்மை விழாக்கள் ஒரே பருவத்தில் கைவிடப்பட்டன. அவ்வாண்டில் இச்சிக்கல் நாடாளுமன்றம் வரை பேசப்பட்டது.

செலவு உயர்வு, நாணய மதிப்பின் சரிவு, காப்பீட்டுச் சிக்கல், தீவிர வானிலை, காவல் கட்டணம், இளைஞர்களின் பழக்கங்களில் ஏற்பட்ட மாற்றம் எனப் பல காரணங்கள் இதற்குக் கூறப்படுகின்றன. இவற்றுள் எதுவும் தனித்து நின்று ஒரு விழாவை வீழ்த்தியதாகச் சொல்வது கடினம். பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று காரணங்கள் ஒரே ஆண்டில் சேர்ந்துகொண்டபோதே விழாக்கள் நின்றன.

இசை விழாவும் கச்சேரியும்

ஒரு கலைஞரோ ஒரு குழுவோ ஓர் அரங்கில் சில மணி நேரம் பாடுவது இசை நிகழ்ச்சி அல்லது கச்சேரி எனப்படும். இசை விழா என்பது ஒரே இடத்தில் ஒரு நாளோ பல நாட்களோ பத்து முதல் நூறு வரையான குழுக்கள் பல மேடைகளில் பாடும் நிகழ்வு ஆகும். பல நாள் விழாக்களில் பார்வையாளர்கள் அங்கேயே கூடாரம் அமைத்துத் தங்குவர்.

கச்சேரிக்குச் செல்பவர் தமக்குத் தெரிந்த கலைஞரைக் கேட்கச் செல்கிறார். விழாவுக்குச் செல்பவர் சில புகழ்பெற்ற கலைஞர்களுக்காகச் சீட்டு வாங்கினாலும், முன்பு கேள்விப்படாத பலரையும் கேட்டுவிட்டு வருகிறார். அறிமுகமில்லாத கலைஞருக்கு அறிமுகமில்லாத கேட்போரைத் தேடித் தருவதே இசை விழாவின் பண்பாட்டுப் பணி எனலாம். விழாக்கள் குறையும்போது முதலில் பாதிக்கப்படுவதும் இப்பணியே.

ஆஸ்திரேலியாவில் இவ்விழாக்கள் தனி வடிவம் பெற்றன. அந்நாட்டின் மக்கள் தொகை ஏறத்தாழ 2.7 கோடி மட்டுமே. மக்கள் சில கடற்கரை நகரங்களில் செறிந்து வாழ்கின்றனர். சிட்னிக்கும் பேர்த் நகருக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 3,300 கிலோமீட்டர். வெளிநாட்டுக் குழு ஒன்றை ஒரே ஒரு நிகழ்ச்சிக்காக அவ்வளவு தூரம் அழைத்து வருவது கட்டுப்படியாகாது. எனவே அதே கலைஞர்களையும் கருவிகளையும் நகருக்கு நகர் கொண்டுசென்று, இரண்டு மூன்று வாரங்களில் ஐந்தாறு ஊர்களில் நடத்தும் "சுற்றுலா விழா" முறை அங்கு வளர்ந்தது. மேலும், தென் அரைக்கோளத்தின் கோடைக்காலமான ஜனவரி, பெப்ரவரி மாதங்கள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குளிர்காலம் ஆகும். அங்கு திறந்தவெளி விழாக்கள் நடைபெறாத அம்மாதங்களில் கலைஞர்கள் ஆஸ்திரேலியாவுக்கு வர ஓய்வு கிடைத்தது.

வரலாறு

தொடக்கம்

1970 ஜனவரியில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ஊரிம்பா என்னும் இடத்தில் நடைபெற்ற விழா, ஆஸ்திரேலியாவின் முதல் பெரிய திறந்தவெளி ராக் இசை விழாவாகக் கருதப்படுகிறது. அமெரிக்காவில் 1969 ஆகஸ்டில் நடைபெற்ற வூட்ஸ்டாக் விழாவின் தாக்கம் இதில் இருந்தது.

1972 முதல் 1975 வரை விக்டோரியா மாநிலத்தில் சன்பரி இசை விழா நடைபெற்றது. முதலாண்டில் பெரும்பாலும் உள்நாட்டுக் குழுக்களே பாடின. பில்லி தோர்ப்பும் அவரது அஸ்டெக்ஸ் குழுவும் அவ்விழாவின் அடையாளமாயினர். 1975 ஆம் ஆண்டு விழாவுக்கு டீப் பர்ப்பிள் என்னும் புகழ்பெற்ற ஆங்கிலேயக் குழு பெருந்தொகைக்கு அழைக்கப்பட்டது. மழையால் கூட்டம் குறைந்தது. வெளிநாட்டுக் குழுவுக்கு ஊதியம் கிடைத்தது. உள்நாட்டுக் கலைஞர் பலருக்கு எதுவும் கிடைக்கவில்லை. அத்துடன் விழாவும் முடிவுற்றது. வெளிநாட்டுக் கலைஞரின் கட்டணமும் மழையும் சேர்ந்து ஒரு விழாவை முடிப்பது பிற்காலத்தில் பலமுறை நிகழ்ந்தது. அவ்வகையில் சன்பரி ஒரு முன்னோடி ஆகும்.

பிக் டே அவுட்

1992 ஜனவரி 25 அன்று சிட்னியில் கென் வெஸ்ட், விவியன் லீஸ் ஆகிய இருவரும் பிக் டே அவுட் விழாவைத் தொடங்கினர். நிர்வாணா என்னும் அமெரிக்கக் குழு உலகப் புகழ் பெறுவதற்கு முன்னரே அதற்கு ஒப்பந்தம் செய்யப்பட்டிருந்தது. விழா நடந்தபோது அக்குழுவின் பாடல்கள் உலகெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தன. 1993 இல் மெல்பேர்ண், அடிலெய்ட், பேர்த் நகரங்களுக்கும், 1994 இல் கோல்ட் கோஸ்ட் நகருக்கும் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கும் விழா விரிந்தது. இருபது ஆண்டுகள் வரை, பள்ளிப் படிப்பை முடிக்கும் ஆஸ்திரேலிய இளைஞர் பலருக்கு இதுவே முதல் இசை விழாவாக அமைந்தது.

2001 இல் சிட்னியில் லிம்ப் பிஸ்கிட் குழு பாடியபோது ஏற்பட்ட நெரிசலில் சிக்கிய இளம் பெண் ஒருவர் சில நாட்களில் உயிரிழந்தார். இதன் பின்னர் மேடைக்கு முன் கூட்டத்தைப் பிரிக்கும் "டி" வடிவத் தடுப்புகள் விழாவில் அமைக்கப்பட்டன. பாதுகாப்புக்கான செலவு விழாச் செலவின் நிலையான பகுதியாக மாறத் தொடங்கியது இக்காலத்தில்தான்.

உச்சக் காலமும் முதல் சரிவும்

2000களில் விழாக்களின் எண்ணிக்கை வேகமாகப் பெருகியது. ஸ்பிளெண்டர் இன் த கிராஸ் 2001 இலும், சவுண்ட்வேவ் 2004 இலும், குரூவின் த மூ 2005 இலும், ஃபியூச்சர் மியூசிக் ஃபெஸ்டிவல் 2006 இலும், ஸ்டீரியோசோனிக் 2007 இலும் தொடங்கின. 1990 இல் தொடங்கிய பைரன் பே புளூஸ்ஃபெஸ்ட், 1993 இல் தொடங்கிய ஃபால்ஸ் விழா ஆகியவை இக்காலத்தில் பெரிதும் வளர்ந்தன.

இவ்வளர்ச்சிக்கு ஆஸ்திரேலிய டாலரின் மதிப்பும் ஒரு காரணம். சுரங்கத் தொழிலின் செழிப்பால் 2010 இன் இறுதியில் அது அமெரிக்க டாலருக்குச் சமமாக உயர்ந்தது. 2011 இல் ஓர் ஆஸ்திரேலிய டாலர் ஏறத்தாழ 1.10 அமெரிக்க டாலரைத் தொட்டது. வெளிநாட்டுக் கலைஞர்களை அழைப்பது மலிவானதால் விழாக்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு ஒப்பந்தக் கட்டணங்களை உயர்த்தின.

டாலரின் மதிப்பு பின்னர் இறங்கியபோது உயர்ந்த கட்டணங்கள் இறங்கவில்லை. 2013 நவம்பரில் பிளர் குழு பிக் டே அவுட்டில் இருந்து விலகியது. 2014 ஆம் ஆண்டு விழாவே அதன் கடைசி விழாவாக அமைந்தது. 2015 இல் ஃபியூச்சர், ஸ்டீரியோசோனிக் ஆகிய விழாக்களும் கடைசியாக நடைபெற்றன. 2016 இல் நடைபெற இருந்த சவுண்ட்வேவ் 2015 டிசம்பரில் கைவிடப்பட்டது. இவ்வாறு இரண்டே ஆண்டுகளில் நகரங்களைச் சுற்றிவந்த பெரும் விழாக்கள் பெரும்பாலும் மறைந்தன.

பெருந்தொற்றுக் காலம்

2020 மார்ச் 13 அன்று, 500 பேருக்கு மேற்பட்ட இன்றியமையாதன அல்லாத கூட்டங்களுக்கு ஆஸ்திரேலிய அரசு தடை அறிவித்தது. அடுத்த இரு ஆண்டுகளில் பெரும்பாலான விழாக்கள் ஒத்திவைக்கப்பட்டன அல்லது கைவிடப்பட்டன. 2021 ஏப்ரலில் நடைபெற இருந்த புளூஸ்ஃபெஸ்ட், தொடங்குவதற்கு முந்தைய நாள் பொதுநல ஆணையால் நிறுத்தப்பட்டது. மேடைகளும் கூடாரங்களும் அமைக்கப்பட்டு, செலவு முழுவதும் செய்யப்பட்ட பின்னர் வந்த ஆணை அது.

இக்காலத்தில் ஒலி, ஒளி, மேடைத் தொழிலாளர் பலர் வேறு வேலைகளுக்குச் சென்றனர். தடைகள் நீங்கியபின் அவர்களில் பலர் திரும்பவில்லை. பயிற்சி பெற்ற தொழிலாளர் பற்றாக்குறையால் கூலி உயர்ந்தது.

2024

2024 பெப்ரவரியில் குரூவின் த மூ கைவிடப்பட்டது. போதிய சீட்டுகள் விற்கவில்லை என்பதே அறிவிக்கப்பட்ட காரணம். பெண்டிகோ, பன்பரி போன்ற, பெருநகரங்கள் அல்லாத ஊர்களுக்குப் பெரிய கலைஞர்களைக் கொண்டுசென்ற விழா அது. மார்ச் 27 அன்று ஸ்பிளெண்டர் இன் த கிராஸ் கைவிடப்பட்டது. கைலி மினோக், ஃபியூச்சர், ஆர்க்கேட் ஃபயர் ஆகியோர் முதன்மைக் கலைஞர்களாக அறிவிக்கப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. இவ்விரு விழாக்களும் 2025 இலும் நடைபெறவில்லை.

ஃபால்ஸ் விழா 2023ஆம் ஆண்டின் இறுதியில் நடத்தப்படவில்லை. தாஸ்மானியாவில் 2009 முதல் நடைபெற்று வந்த மோனா ஃபோமா விழா 2024 இல் முடிவுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது. 2025 விழாவே தம் கடைசி விழா எனப் புளூஸ்ஃபெஸ்ட் அமைப்பாளர்கள் 2024 ஆகஸ்டில் அறிவித்தனர். அவ்வறிவிப்பால் சீட்டு விற்பனை கூடி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வருகைகள் பதிவான பின்னர், அந்த முடிவைத் திரும்பப் பெற்றனர்.

பொருளாதாரக் காரணங்கள்

நிலைச்செலவும் சமநிலைப் புள்ளியும்

இசை விழாவின் செலவில் பெரும்பகுதி நிலைச்செலவு ஆகும். கலைஞர் கட்டணம், மேடை, வேலி, மின்னாக்கி, குடிநீர், கழிப்பிடம், காவல், மருத்துவம், காப்பீடு ஆகியவற்றுக்கு, வருவோர் எண்ணிக்கை சற்றுக் குறைந்தாலும் ஏறத்தாழ அதே தொகை செலவாகும். ஆகவே வரவும் செலவும் சமமாகும் புள்ளி மிக உயரத்தில் இருக்கும்.

இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு விழாவின் மொத்தச் செலவு 40 லட்சம் டாலர், சீட்டு விலை 200 டாலர், இடவசதி 25,000 பேர் எனக் கொள்வோம். 20,000 சீட்டுகள் விற்றால் செலவு ஈடாகும். அதாவது இடவசதியில் 80 விழுக்காடு. செலவு மட்டும் 20 விழுக்காடு உயர்ந்து 48 லட்சம் டாலர் ஆனால், 24,000 சீட்டுகள் விற்க வேண்டும். இது 96 விழுக்காடு. இந்நிலையில் ஒரு மழை நாளோ ஒரு கலைஞரின் விலகலோ விழாவை நட்டத்தில் தள்ளும். சீட்டு விலையை 240 டாலராக உயர்த்தினால் மீண்டும் 20,000 சீட்டுகள் போதும். ஆனால் விலை உயர்ந்தால் வாங்குவோர் குறைவர். வாடகையும் உணவு விலையும் உயர்ந்துவரும் காலத்தில் முதலில் பின்வாங்குவோர் இளைஞர்களே.

அரசின் கலை அமைப்பான கிரியேட்டிவ் ஆஸ்திரேலியா 2024 இல் வெளியிட்ட சவுண்ட்செக் என்னும் ஆய்வறிக்கையின்படி, 2022–23 நிதியாண்டில் ஆஸ்திரேலியாவில் 535 இசை விழாக்கள் நடைபெற்றன. ஆய்வில் கணக்களித்த விழாக்களில் 56 விழுக்காடு இலாபமும், 35 விழுக்காடு நட்டமும் அடைந்தன. 8 விழுக்காடு இலாபமோ நட்டமோ இன்றி முடிந்தன. இயக்கச் செலவின் உயர்வு, நிதியுதவியின்மை, காப்பீடு ஆகியவற்றை அமைப்பாளர்கள் முதன்மைத் தடைகளாகக் குறிப்பிட்டனர்.

நாணய மாற்று

வெளிநாட்டுக் கலைஞர்களின் கட்டணம் பொதுவாக அமெரிக்க டாலரில் பேசப்படுகிறது. சீட்டு வருமானமோ ஆஸ்திரேலிய டாலரில் வருகிறது. கட்டணம் 10 லட்சம் அமெரிக்க டாலர் எனில், நாணய மாற்று 1.10 ஆக இருந்தபோது அது ஏறத்தாழ 9.1 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். 2024 இல் மாற்று ஏறத்தாழ 0.65 ஆக இருந்தபோது அதே கட்டணம் 15.4 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். கலைஞர் ஒரு காசும் கூடுதலாகக் கேட்காத நிலையிலும் செலவு ஏறத்தாழ 70 விழுக்காடு உயர்கிறது.

சீட்டு வாங்கும் காலம்

முன்னர் விழா அறிவிக்கப்பட்ட சில மணி நேரங்களில் சீட்டுகள் விற்றுத் தீர்வது வழக்கம். அப்பணம் மேடைக்கும் கலைஞர்களுக்கும் முன்பணம் கொடுக்க உதவியது. பெருந்தொற்றுக் காலத்தில் அடுத்தடுத்து விழாக்கள் நின்றதால், கடைசி வாரம் வரை காத்திருந்து வாங்கும் பழக்கம் பரவியது. இதனால் முன்பணம் கொடுக்க வேண்டிய நேரத்தில் அமைப்பாளரிடம் பணம் இருப்பதில்லை. எத்தனை பேர் வருவர் என்பதும் தெரிவதில்லை. விற்பனை மந்தமாக இருப்பதைக் கண்டு அஞ்சி விழாவைக் கைவிடுகின்றனர். அதைக் கண்ட மக்கள் அடுத்த விழாவுக்கு இன்னும் தாமதமாக வாங்குகின்றனர். இது தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் சுழற்சி ஆகும்.

வானிலையும் காப்பீடும்

ஆஸ்திரேலியக் கோடைக்காலம் காட்டுத்தீக் காலமும் ஆகும். விக்டோரியாவின் லோர்ன் நகருக்கு அருகே நடைபெற்று வந்த ஃபால்ஸ் விழா, 2015 இல் தீ அச்சத்தால் வேறிடம் மாற்றப்பட்டது. 2019 டிசம்பரில் அது தொடங்கிய மறுநாளே நிறுத்தப்பட்டது. 2024 மார்ச்சில் அதே மாநிலத்தில் பிட்ச் விழா கடும் தீ அபாய எச்சரிக்கையால் பாதியில் கைவிடப்பட்டது. 2022 ஜூலையில் ஸ்பிளெண்டர் விழா நடைபெறும் இடம் மழையால் சேறாகி, முதல் நாள் நிகழ்ச்சிகள் நிறுத்தப்பட்டன. அவ்வாண்டு வெள்ளத்தால் ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் விழாவும் நடைபெறவில்லை.

இத்தகைய இழப்புகள் தொடரும்போது காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்துகின்றன அல்லது சில இடர்களைக் காப்பீட்டில் இருந்து நீக்குகின்றன. காப்பீடு இன்றி நடத்தப்படும் விழா ஒரு நாள் மழையில் முற்றிலும் அழியக்கூடும்.

உயிரிழப்புகளும் சட்டங்களும்

2017 டிசம்பர் முதல் 2019 ஜனவரி வரை நியூ சவுத் வேல்ஸ் விழாக்களுக்குச் சென்ற, 18 முதல் 23 வயதுக்குட்பட்ட ஆறு இளைஞர்கள் எம்.டி.எம்.ஏ என்னும் போதைப்பொருள் தொடர்பாக உயிரிழந்தனர். இதையடுத்து மாநில அரசு 2019 இல் விழாக்களுக்குக் கடும் உரிம முறையைக் கொண்டுவந்து, 14 விழாக்களை உயர் இடர் கொண்டவை எனப் பட்டியலிட்டது. அம்மாநிலத்தில் விழாவுக்குத் தேவையான காவலர்களுக்கான கட்டணத்தை அமைப்பாளரே செலுத்த வேண்டும். மவுண்டன் சவுண்ட்ஸ் என்னும் விழா, ஏறத்தாழ 2 லட்சம் டாலர் காவல் கட்டணம் கேட்கப்பட்ட நிலையில், 2019 பெப்ரவரியில் தொடங்குவதற்கு ஒரு வாரத்துக்கு முன் கைவிடப்பட்டது.

இவ்வுயிரிழப்புகளை விசாரித்த துணை மரண விசாரணை அதிகாரி ஹாரியட் கிரஹாம் 2019 நவம்பரில் தம் முடிவுகளை வெளியிட்டார். மாத்திரைகளை வேதியியல் முறையில் சோதித்து இடரைத் தெரிவிக்கும் சேவையை அவர் பரிந்துரைத்தார். மோப்ப நாய்களின் பயன்பாட்டையும் ஆடை களைந்து சோதிக்கும் முறையையும் அவர் குறைகூறினார். நாயைக் கண்டு அஞ்சும் இளைஞர் கையில் உள்ள அனைத்தையும் ஒரே நேரத்தில் விழுங்கிவிடும் இடர் உண்டு என்பது இதன் பின்னுள்ள வாதம்.

ஆஸ்திரேலியாவில் விழா ஒன்றில் முதல் மாத்திரைச் சோதனை 2018 இல் கான்பராவில் குரூவின் த மூ விழாவில் நடைபெற்றது. விக்டோரியாவில் 2024 டிசம்பரிலும், நியூ சவுத் வேல்ஸில் 2025 மார்ச்சிலும் சோதனை முயற்சிகள் தொடங்கின. மாத்திரைச் சோதனை போதைப்பழக்கத்தை ஊக்குவிக்கும் என எதிர்ப்போர் கூறுகின்றனர். 2025 இல் குயின்ஸ்லாந்து அரசு இச்சேவையைத் தடை செய்தது.

பண்பாட்டுக் காரணங்கள்

இணையவழி இசை

1990களில் ஒரே வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஒரே விழாவுக்குச் சென்றனர். ஆஸ்திரேலிய ஒலிபரப்புக் கழகத்தின் இளைஞர் வானொலியான டிரிபிள் ஜே அக்காலத்தில் நாடெங்கும் பொதுவான இசை ரசனையை உருவாக்கியது. இணையவழி இசைச் சேவைகள் வந்தபின் ஒவ்வொருவரும் தமக்கான தனிப் பட்டியலைக் கேட்கின்றனர். எல்லோருக்கும் தெரிந்த முதன்மைக் கலைஞர் ஒருவரைக் கண்டறிவது கடினமாகிவிட்டது. பல வகை இசையையும் ஒரே மேடையில் கலந்து தரும் பொது விழாக்கள் இதனால் முதலில் தளர்ந்தன.

இச்சேவைகளின் பரிந்துரை முறைகள் உலக அளவில் புகழ்பெற்ற பாடல்களையே முன்னிறுத்துவதால் உள்நாட்டு இசை பின்தள்ளப்படுவதாகக் குறைகூறப்படுகிறது. டிரிபிள் ஜே நேயர்கள் வாக்களித்துத் தேர்ந்த 2024 ஆம் ஆண்டின் நூறு பாடல்களில் 29 மட்டுமே ஆஸ்திரேலியப் பாடல்கள்.

பார்வையாளர் வயது

சவுண்ட்செக் அறிக்கையின்படி, 2018–19 இல் விழாச் சீட்டு வாங்கியோரில் 41 விழுக்காட்டினர் 18 முதல் 24 வயதினர். 2022–23 இல் இது 27 விழுக்காடாகக் குறைந்தது. பதினெட்டு வயதை எட்டும்போது விழாக்கள் மூடப்பட்டிருந்த ஒரு தலைமுறைக்கு, நண்பர்களுடன் விழாவுக்குச் செல்லும் பழக்கம் தொடங்கவே இல்லை. மூத்தோர் இளையோரை அழைத்துச் செல்லும் சங்கிலி அங்கு அறுந்தது எனலாம்.

பெருங்கச்சேரிகள்

நேரடி இசைக்குச் செலவிடும் விருப்பம் மறையவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. 2024 பெப்ரவரியில் டெய்லர் ஸ்விஃப்ட் மெல்பேர்ணில் மூன்று, சிட்னியில் நான்கு என ஏழு நிகழ்ச்சிகளை நடத்தினார். மெல்பேர்ணில் ஒவ்வோர் இரவும் ஏறத்தாழ 96,000 பேர் கூடினர். குரூவின் த மூ கைவிடப்பட்டதும் இதே மாதத்தில்தான். ஆண்டுக்கு ஒருமுறை பெருந்தொகை செலவிடக்கூடிய ஒருவர், உறுதியாகப் பிடித்த ஒரு கலைஞருக்கே அதனைச் செலவிடுகிறார்.

விளைவுகள்

- வளரும் கலைஞர்கள்: பகல் இரண்டு மணிக்குச் சிறு மேடையில் பாடத் தொடங்கி, சில ஆண்டுகளில் மாலை மேடைக்கு உயர்வதே ஆஸ்திரேலியக் குழுக்களின் வழக்கமான வளர்ச்சிப் பாதை. டிரிபிள் ஜே நடத்தும் அன்எர்த்ட் போட்டி வழியாக அறிமுகமற்ற குழுக்கள் பெரிய விழாக்களில் இடம்பெற்றன. விழா நின்றால் இப்படிக்கட்டின் நடுப்பகுதி இல்லாமல் போகிறது.
- சிறு ஊர்கள்: குரூவின் த மூ போன்ற விழாக்கள் நடைபெறும் ஊர்களில் விடுதி, உணவகம், வாடகை வண்டி, எரிபொருள் நிலையம் ஆகியவை ஒரு வார இறுதியில் பெரும் வருமானம் ஈட்டின. பெருநகருக்குச் செல்ல வசதியற்ற இளைஞர்களுக்கு அதுவே ஆண்டில் ஒரே பெரிய இசை நிகழ்ச்சி.
- தொழிலாளர்: ஒலிப்பொறியாளர், மின்பணியாளர், மேடை கட்டுவோர் ஆகியோருக்குப் பருவகால வேலை குறைந்தது.
- உடைமை: தனி அமைப்பாளர்கள் நட்டத்தைத் தாங்க இயலாமல் பன்னாட்டு நிறுவனங்களுக்குப் பங்குகளை விற்றனர். ஸ்பிளெண்டர், ஃபால்ஸ் விழாக்களை நடத்திய சீக்ரெட் சவுண்ட்ஸ் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை 2016 இல் லைவ் நேஷன் வாங்கியது. சீட்டு விற்பனை, அரங்கு, கலைஞர் ஒப்பந்தம் ஆகிய அனைத்தும் சில நிறுவனங்களின் கையில் சேர்வது போட்டியைக் குறைப்பதாக விமர்சனம் உண்டு.

அரசின் நடவடிக்கைகள்

2023 இல் கிரியேட்டிவ் ஆஸ்திரேலியாவின் கீழ் மியூசிக் ஆஸ்திரேலியா என்னும் அமைப்பு உருவாக்கப்பட்டது. 2024–25 நிதிநிலை அறிக்கையில் ரிவைவ் லைவ் திட்டத்துக்கு 86 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. இது இசை அரங்குகளுக்கும் விழாக்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. பல நூறு விழாக்கள் உள்ள நாட்டில் இத்தொகை சிறியது என்னும் கருத்து உண்டு. நேரடி இசைத் தொழில் குறித்து நாடாளுமன்றக் கீழவையின் குழு ஒன்று 2024 இல் விசாரணை நடத்தியது.

வெளிநாட்டுக் கலைஞர்களின் சுற்றுப்பயணங்களில் உள்நாட்டுக் குழு ஒன்றையும் மேடையேற்ற வேண்டும் என்னும் கோரிக்கை "மைக்கேல் விதி" எனப்படுகிறது. 2024 இல் மறைந்த இசை மேலாளர் மைக்கேல் மக்மார்ட்டின் நினைவாக இப்பெயர் அமைந்தது.

தப்பிப் பிழைத்த விழாக்கள்

"வீழ்ச்சி" என்னும் சொல் எல்லா விழாக்களுக்கும் பொருந்தாது என வாதிடுவோரும் உள்ளனர். 1973 முதல் நடைபெறும் டாம்வொர்த் நாட்டுப்புற இசை விழா, 1977 இல் தொடங்கிய போர்ட் ஃபேரி நாட்டார் இசை விழா, 1987 இல் மலேனியில் தொடங்கிப் பின்னர் வுட்ஃபோர்ட் நகருக்கு மாறிய வுட்ஃபோர்ட் நாட்டார் இசை விழா ஆகியவை பல பத்தாண்டுகளாக நிலைத்துள்ளன.

1991 இல் தொடங்கிய மெரெடித் இசை விழா இவற்றுள் தனித்தன்மை வாய்ந்தது. ஒரு வேளாண் குடும்பத்தின் நிலத்தில் நடைபெறும் இவ்விழாவுக்கு ஒரே மேடைதான். வணிக விளம்பரங்கள் இல்லை. கலைஞர் பட்டியல் வெளியாகும் முன்னரே சீட்டு கோருவோர் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். அங்கு மக்கள் கலைஞருக்காக அன்றி விழாவுக்காக வருகின்றனர். எனவே முதன்மைக் கலைஞரின் கட்டணத்தை விழா பெரிதும் சார்ந்திருப்பதில்லை.

பெரிய வணிக விழாக்களிலும் மீட்சி காணப்பட்டது. 2025 பெப்ரவரியில் சார்லி எக்ஸ்சிஎக்ஸ் முதன்மைக் கலைஞராகப் பாடிய லேன்வே விழா பெருங்கூட்டத்தை ஈர்த்தது. 2024 இல் நடைபெறாத ஸ்பில்ட் மில்க் விழா, 2025 டிசம்பரில் கென்ட்ரிக் லாமருடன் மீண்டும் நடைபெற்றது. சரியான கலைஞர் அமைந்தால் இளைஞர்கள் வருவர் என்பதை இவை காட்டுகின்றன. அதே நேரத்தில், ஒரே ஒரு கலைஞரின் வருகையைச் சார்ந்து நிற்கும் விழா, அக்கலைஞர் கிடைக்காத ஆண்டில் மீண்டும் பழைய இடருக்கே உள்ளாகிறது. 1975 இல் சன்பரி விழா எதிர்கொண்ட சிக்கலும் இதுவே.